வூவ்ரே தெமி-செக்: விருந்தின் நடுவே வைக்க வேண்டிய புட்டி

பிரான்சின் தூர் நகரத்தில் நான் உதவிச் சமையற்காரனாகச் சேர்ந்த முதல் ஆண்டு. ஓர் இலையுதிர்கால இரவில் எங்கள் உணவகத்துக்கு வந்திருந்த வயதான தம்பதியர், உணவின் முடிவில் எலுமிச்சைத் தார்த் என்ற இனிப்புப் பண்டம் இரண்டு கேட்டார்கள். அதனுடன் குடிப்பதற்கு இனிப்பான ஒயின் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்கள். பரிமாறுபவர் ஒயின் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அங்கே இனிப்பு ஒயின்களின் வரிசையில் எழுதப்பட்டிருந்த வூவ்ரே தெமி-செக்கைப் பரிந்துரைத்தார். கால் மணி நேரம் கழித்துத் தட்டுகள் காலியாகத் திரும்பின. கோப்பைகள் இரண்டும் ஏறக்குறைய ஊற்றியபடியே திரும்பின. நான் ஒரு வாய் தார்த்தைத் தின்றுவிட்டு அந்த ஒயினைச் சுவைத்துப் பார்த்தேன். தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்ததுபோல் மெலிந்தும் புளித்தும் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு பேசும் ஒயின் இதுதானா என்று எனக்கு வருத்தமாகிவிட்டது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, பணியாளர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரத்தில், தலைமைச் சமையற்காரர் அதே புட்டியின் மிச்சத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். மேசையில் ரியோன் இருந்தது. பன்றியின் வயிற்றுப் பகுதியைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவிட்டு, கடைசியில் மேல்புறம் பழுப்பாகச் சிவக்க எடுப்பது இந்தப் பகுதியின் வழக்கம். ஒரு துண்டைக் கடித்துவிட்டு ஒயினைக் குடித்தேன். முந்தைய இரவு தண்ணீராக இருந்தது இப்போது பழமாகவும் தேனாகவும் நிறைந்திருந்தது. நாவில் படிந்திருந்த கொழுப்பையும் அப்படியே கழுவிக்கொண்டு போனது. புட்டியில் இருந்த ஒயின் ஓர் இரவில் மாறிவிடவில்லை. அதன் பக்கத்தில் வைத்த உணவுதான் மாறியிருந்தது. இனிப்புத் தட்டில் ஒயினைவிடப் பல மடங்கு சர்க்கரை இருந்ததால், நாக்கு ஒயினின் சர்க்கரையை உணரவே இல்லை. எஞ்சியது புளிப்பு மட்டுமே. உப்பும் கொழுப்பும் எதிரே நின்றபோது அந்தச் சிறிய இனிப்பு தன் அளவுக்கு வெளிப்பட்டது.

அன்று தொடங்கி இன்றுவரை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருவது இதுதான்: தெமி-செக் என்பது இனிப்பு ஒயின் அல்ல, இனிப்புப் பண்டத்தோடு அதை வைக்கக் கூடாது. அதன் இடம் விருந்தின் நடுவே, மீனுக்கும் கோழிக்கும் பன்றி இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் அருகில்.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. பிரெஞ்சில் 'செக்' என்றால் உலர்ந்தது. ஒயினைப் பொறுத்தவரை சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் புளித்துச் சாராயமாகிவிட்டது என்று பொருள். 'தெமி' என்றால் பாதி. ஆகவே தெமி-செக் பாதி உலர்ந்தது, அதாவது திராட்சையின் சர்க்கரையில் ஒரு சிறு பங்கு புளிக்காமல் நின்றுவிட்ட ஒயின். ஐரோப்பிய விதிப்படி ஒரு லிட்டருக்கு 4 முதல் 12 கிராம் வரை சர்க்கரை இருந்தால் அது தெமி-செக். அமிலம் தகுந்த அளவு கூடுதலாக இருந்தால் 18 கிராம் வரையும் போகலாம். அதற்கு மேல் 45 கிராம் வரை இருப்பது 'முவல்லே', அதையும் தாண்டியது 'தூ'. வூவ்ரேயின் புகழ்பெற்ற தெமி-செக் புட்டிகள் சிலவற்றில் சர்க்கரை 20 கிராமையும் தாண்டியிருப்பது உண்டு. எண்ணைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். 18 கிராம் கணக்கில் 125 மில்லி கோப்பை ஒன்றில் இருக்கும் சர்க்கரை இரண்டேகால் கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி. கோலா பானம் ஒன்றில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. நுரைக்கும் ஒயின்களிலும் 'தெமி-செக்' என்ற சொல் உண்டு. அங்கே அதன் பொருள் லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் வரை சர்க்கரை. வூவ்ரேயின் உற்பத்தியில் பாதிக்கு மேல் நுரைக்கும் வகையாகவே வெளிவருவதால், கடை அலமாரியில் இரண்டும் அருகருகே நிற்கும். நுரைக்கும் தெமி-செக் பழத் தார்த்துகளோடு ஓரளவு ஒத்துப்போகிற ஒயின். நான் பேசுகிற நுரையில்லாத தெமி-செக் அதிலிருந்து முற்றிலும் வேறு. போதாக்குறைக்கு, வூவ்ரே புட்டிகள் சிலவற்றில் இனிப்பின் அளவே எழுதப்பட்டிருக்காது. கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

வூவ்ரே என்பது தூர் நகரத்துக்குக் கிழக்கே, லுவார் ஆற்றின் வடகரையில் இருக்கும் சிற்றூர். அந்த ஊரையும் ரோஷ்கோர்போன், வெர்னு, நுவாசே போன்ற அண்டை ஊர்களையும் சேர்த்து, இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டங்களில் விளையும் வெள்ளை ஒயினுக்கு 1936-இல் இந்தப் பெயர் சட்டப்படி உரியதாக்கப்பட்டது. ஆற்றின் மறுகரையில் இருக்கும் மோன்லூயி இரண்டு ஆண்டுகள் கழித்துத் தனிப் பெயர் பெற்றது. இரு கரைகளிலும் விளைவது ஒரே திராட்சை: ஷெனின். இந்தப் பகுதியில் 'பினோ தெ லா லுவார்' என்றும் அதை அழைப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 'ஸ்டீன்' என்ற பெயரில் நெடுங்காலமாகப் பயிராவதும் இதே ஷெனின்தான்.

ஷெனினின் தன்மை தெரியாமல் தெமி-செக்கைப் புரிந்துகொள்ள முடியாது. எவ்வளவு பழுத்தாலும் புளிப்பை விடாத திராட்சை அது. வேறு பல வகைகளில் சர்க்கரை ஏற ஏற அமிலம் குறைந்துவிடும். ஷெனினில் சர்க்கரை ஏறும், அமிலமும் பெரும்பாலும் தங்கிவிடும். வூவ்ரேயோ குளிர்ந்த பகுதி. பழம் பழுப்பதற்கு அக்டோபர், சில ஆண்டுகளில் நவம்பர் வரையும் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட திராட்சையை முழுவதும் புளிக்கவைத்து உலர்ந்த ஒயினாக்கினால், சில ஆண்டுகளில் பல் கூசும் அளவுக்குக் கூர்மையாக அமைந்துவிடும். கொஞ்சம் சர்க்கரையை விட்டுவைத்தால் அந்தக் கூர்மை மறையாமலே வட்டமாகிறது. தயிர்ச் சாதத்துக்குத் தயிர் சற்றுப் புளித்துவிட்டால் பாலைக் கொஞ்சம் ஊற்றிச் சமப்படுத்துகிறோமே, அதைப் போன்ற வேலையைத்தான் இங்கே சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரை பழத்துக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து கரைத்து ஊற்றியது அல்ல. இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், தெமி-செக் என்றால் மலிவான ஒயினில் சீனி கலந்தது என்று எண்ணுகிற நண்பர்கள் எனக்கு நிறைய இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்தில், எங்கள் உணவகத்துக்கு ஒயின் தரும் முதியவர் ஒருவரின் நிலவறைக்குப் போயிருந்தேன். வூவ்ரேயில் நிலவறை என்றால் குன்றுக்குள் குடைந்த குகை. ஆற்றை ஒட்டிச் சுவர்போல் எழும் அந்தக் குன்று முழுவதும் 'துஃபோ' என்கிற மென்மையான சுண்ணாம்புக் கல். லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகளுக்கும் தூர் நகரத்து வீடுகளுக்கும் பல நூற்றாண்டுகளாக இந்தக் கல்லைத்தான் வெட்டியெடுத்தார்கள். வெட்டிய பள்ளங்கள் பிற்காலத்தில் ஒயின் அறைகளாயின, சில வீடுகளும் ஆயின. இன்றும் அந்தச் சாலையில் போகும்போது பாறையின் முகத்தில் சன்னலும் கதவும் இருப்பதையும், மேலே புல்தரையிலிருந்து புகைபோக்கி நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 டிகிரி. சுவர் ஈரமாக, தொட்டால் ஒட்டிக்கொள்ளும்படி இருந்தது. ஒரு திருப்பத்தில் நான் தோளை உரசிவிட்டதால் என் கறுப்பு மேலங்கியில் விபூதி பூசியதுபோல் வெள்ளைத் தூள் படிந்துவிட்டது. பழைய புட்டிகள் அடுக்கியிருந்த மாடத்தில் கறுத்த பூஞ்சை திரையாகத் தொங்கியது. அதைத் துடைக்க மாட்டோம் என்றார் முதியவர். அது அங்கே இருப்பது ஈரப்பதம் சரியாக இருப்பதற்கு அடையாளமாம்.

பீப்பாய் ஒன்றின் அடைப்பை எடுத்துவிட்டு, "காதை வைத்துக் கேளுங்கள்" என்றார். குனிந்து கேட்டேன். சோறு கொதி அடங்கி, தண்ணீர் வற்றப்போகும் நேரத்தில் பானைக்குள் எழுமே ஒரு மெல்லிய சத்தம், அது கேட்டது. அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஈஸ்ட் இன்னும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருந்தது. நீண்ட கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் உறிஞ்சியெடுத்து என் கோப்பையில் விட்டார். இளநீர்போல் கலங்கலாக இருந்தது. இது செக் ஆகுமா, தெமி-செக் ஆகுமா என்று கேட்டேன். "இன்னும் பத்து நாள் பொறுங்கள், அதுவே சொல்லும். குளிர் இறங்கிவிட்டால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். சுவைத்துப் பார்ப்பேன். அமிலமும் சர்க்கரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதாகத் தோன்றும் நாளில் நிறுத்திவிடுவேன்" என்றார். நிறுத்துவது என்றால் பீப்பாயை மேலும் குளிர்வித்து, வண்டலிலிருந்து ஒயினைப் பிரித்து, சிறிதளவு கந்தக டை ஆக்சைடு சேர்த்து, வடிகட்டி, ஈஸ்ட் மறுபடி எழாமல் பார்த்துக்கொள்வது. சொல்ல எளிது, ஒருநாள் பிந்தினாலும் அந்தப் பிடி தளர்ந்துவிடும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் சொன்னதில் என்னை மிகவும் தொட்டது, அந்த ஆண்டில் என்ன ஒயின் செய்வது என்பதை முன்கூட்டித் தீர்மானிப்பதே இல்லை என்பது. வெயில் குறைந்த ஆண்டில் அமிலம் மிகுந்த திராட்சையை நுரைக்கும் ஒயினுக்கும் செக்குக்கும் அனுப்புகிறார்கள். வெயில் நீண்டு, சீஸ், பிரென் ஆகிய சிற்றாறுகளின் பள்ளங்களிலிருந்து எழும் காலை மூடுபனியில் 'உயர்ந்த அழுகல்' என்று அவர்கள் மதிக்கும் பூஞ்சை படர்ந்து, பழம் சுருங்கி இனிப்பு செறிந்தால் முவல்லே செய்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆண்டுகளும், ஒரே தோட்டத்தில் நடுத்தரமாகப் பழுத்த குலைகளும் தெமி-செக் ஆகின்றன. இதற்காகத் தோட்டத்துக்குள் ஒருமுறை அல்ல, மூன்று நான்கு முறை நடந்து, பழுத்த குலைகளை மட்டும் கையால் பறிப்பார்கள். மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு: சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண்ணைப் 'பெருஷ்' என்றும், சுண்ணாம்பு கலந்த களிமண்ணை 'ஓபுயி' என்றும் சொல்கிறார்கள், முன்னது விறைப்பான ஒயினையும் பின்னது உருண்டு திரண்ட ஒயினையும் தரும் என்பது ஊர்க்காரர்களின் அனுபவம். சில ஆண்டுகளில் எதுவும் மிஞ்சுவதில்லை. 2013 ஜூன் மாதத்தில் பெய்த ஆலங்கட்டி மழை வூவ்ரேயின் தோட்டங்களில் பெரும்பகுதியைச் சில நிமிடங்களில் அடித்துப் போட்டது. அந்த நாளைப் பற்றிப் பேசும்போது முதியவர் குரல் இப்போதும் தாழ்ந்துவிடுகிறது.

வூவ்ரேயைப் பற்றி எழுதும்போது காஸ்தோன் உவே என்பவரைக் குறிப்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தந்தை 1928-இல் 'லு ஓ-லியே' என்ற தோட்டத்தை வாங்கித் தொடங்கிய பண்ணை, இன்று வூவ்ரே என்றதும் உலகம் முதலில் நினைவுகூரும் பெயர்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ஐந்து ஆண்டுகள் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்துவிட்டுத் திரும்பிய உவே, 1947-இல் வூவ்ரேயின் மேயரானார். அதே ஆண்டு விளைந்த ஒயின், இந்த ஊரின் வரலாற்றிலேயே சிறந்தவற்றுள் ஒன்று என்று இன்றும் போற்றப்படுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மேயராக இருந்தவர் அவர். அதிவேக ரயில் பாதை வூவ்ரேயின் திராட்சைத் தோட்டங்களை அறுத்துக்கொண்டு போகும் என்ற நிலை வந்தபோது அவர் போராடினார். அதன் பயனாகப் பாதை குன்றுக்கு அடியில் சுரங்கமாகச் சென்றது. பாரீஸிலிருந்து ரயிலில் வருகிறபோது தூரை நெருங்கும் வேளையில் சன்னல் சட்டென்று இருண்டுவிடும். பயணிகள் பெரும்பாலோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் தலைக்கு மேல் ஷெனின் வேர்கள் இருப்பதை நினைத்துக்கொள்வேன்.

இனி உணவுக்கு வருகிறேன். என் தொழில் அதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெமி-செக்கோடு வைக்க ஒரே ஓர் உணவைச் சொல்லச் சொன்னால், பேர் பிளான் ஊற்றிய ஆற்று மீன் என்பேன். பேர் பிளான் என்றால் வெள்ளை வெண்ணெய். லுவார் ஆற்றின் கீழ்ப்பகுதியில், நாந்த் நகரத்தின் பக்கம் பிறந்த சாறு. நம் சின்ன வெங்காயத்துக்கு உறவான எஷலோத் வெங்காயத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, வெள்ளை ஒயினும் வினிகரும் ஊற்றி, ஈரம் ஏறக்குறைய வற்றும்வரை சுண்டவிட வேண்டும். பிறகு தீயை மிகவும் குறைத்து, குளிர்ந்த வெண்ணெய்க் கட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டு விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் கட்டி முழுதாய்க் கரைவதற்கு முன் இரண்டாவதைப் போட வேண்டும். சாறு ஒருமுறை கொதித்துவிட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் மூன்று முறை பிரிய விட்டிருக்கிறேன். சரியாக வந்தால் கரண்டியின் முதுகில் பட்டுத் துணிபோல் படியும். இதில் வெண்ணெயின் செழுமையும் வினிகரின் புளிப்பும் எஷலோத்தின் மெல்லிய இனிப்பும் ஒன்றாக இருக்கின்றன. கூர்மையான செக் ஒயினை இதனுடன் வைத்தால் புளிப்போடு புளிப்பு மோதிக்கொள்ளும். தெமி-செக்கின் அமிலம் வெண்ணெயை அறுக்கிறது. அதன் சர்க்கரை எஷலோத்தின் இனிப்போடு கைகோத்துக்கொள்கிறது. மீனுக்கு எங்கள் உணவகத்தில் சாந்த்ர் எடுப்போம். வெள்ளைச் சதையும் மென்மையான சுவையும் உடைய நன்னீர் மீன் அது. முள் எடுக்கும் பொறுமை இருந்தால் புரோஷே மீனும் நன்றாக அமையும்.

பன்றி இறைச்சியும் உலர்ந்த பிளம் பழமும் சேர்ந்த உணவு தூரின் பழைய பெருமை. இறைச்சித் துண்டுகளை வெண்ணெயில் சிவக்க வறுத்து, வூவ்ரே ஒயினில் ஊறிய பிளம் பழங்களோடு, அந்த ஒயினையே ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் பாலாடை சேர்த்துக் கெட்டியாக்குவார்கள். சமைக்கவும் குடிக்கவும் ஒரே புட்டி போதும். பழத்தின் இனிப்பு சாற்றில் இறங்குகிற அளவை மட்டும் கவனிக்க வேண்டும். பழம் மிகுந்துவிட்டால் எலுமிச்சைத் தார்த்துக்கு நேர்ந்த கதைதான் இங்கேயும் நேரும். நான் ஆறு பேருக்கு இருபது பழங்களுக்கு மேல் போடுவதில்லை. தூரைச் சுற்றியுள்ள துரேன் பகுதிக்கே உரிய கறுப்புக் கோழியை முழுதாக வாட்டி, அதன் சாற்றில் காளானும் பாலாடையும் சேர்த்துத் தருவது இதற்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது.

பாலாடைக்கட்டிக்குச் செந்நிற ஒயின்தான் என்று பலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். இந்தப் பகுதியின் ஆட்டுப்பால் கட்டியான சாந்த்-மோர் தெ துரேனை ஒருமுறை தெமி-செக்கோடு உண்டு பார்க்கச் சொல்வேன். நீண்ட உருளை வடிவம், மேலே சாம்பல் பூச்சு, நடுவே ஊடுருவிச் செல்லும் கம்பு வைக்கோல். கட்டி உடையாமல் காக்கும் அந்த வைக்கோலின் மேல் செய்தவரின் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். இளசாக இருக்கும்போது அதில் தயிரின் புளிப்பும் உப்பும் இருக்கும். சில வாரங்கள் முதிர்ந்தபின் பருப்பு வகைகளின் வாசம் ஏறும். செந்நிற ஒயினின் துவர்ப்பு இந்தக் கட்டியோடு சேர்ந்தால் வாயில் சுண்ணாம்பு தடவியதுபோல் ஆகிவிடுகிறது. ஷெனினில் துவர்ப்பு இல்லை. அதன் தேன் வாசம் ஆட்டுப்பாலின் உப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. கட்டியை வெட்டும்போது சற்றுச் சாய்வாக வெட்டி, வைக்கோலை உருவிவிட்டு, அறை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்திருந்தால் இரண்டின் சுவையும் நன்றாகத் துலங்கும்.

இனிப்புகளை நான் ஒரேயடியாக விலக்கிவிட்டேன் என்று சிலர் வருந்தலாம். ஆப்பிள் தார்த்துக்கும் பேரிக்காய்ப் பண்டங்களுக்கும் முவல்லே இருக்கிறது. தெமி-செக்கை அங்கே இழுத்துச் சென்று அவமதிக்க வேண்டாம். சாக்லேட்டோடு எந்த வூவ்ரேயும் ஒத்துவராது. மாட்டிறைச்சி வறுவலோடும் வைக்காதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து வந்தவன் என்பதால் என் வீட்டு மேசையைப் பற்றியும் கேட்பார்கள். நம் வடகத்தை இங்கே 'வதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையற்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்கு வந்த வாசனை அது. வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் கலந்து காய்ந்த அந்த மணமும் தெமி-செக்கும் நல்ல இணை. இறாலை வடகம் தாளித்து, தேங்காய்ப் பால் ஊற்றி, பச்சை மிளகாய் இரண்டோடு இறக்கிவிட்டால், வூவ்ரேயில் பிறந்தவருக்கும் அதில் குறை சொல்லத் தோன்றாது. சாராயம் காரத்தின் எரிச்சலைக் கூட்டும், சர்க்கரை அதைத் தணிக்கும். தெமி-செக்கில் இரண்டும் இருப்பதால் மிதமான காரம்வரை அது தாங்குகிறது. மிளகாய்த்தூள் தாராளமாகப் போட்ட வறுவலுக்கு முன்னால் அது தோற்றுப்போகும். புளி கரைத்த குழம்பில் ஒயினின் அமிலம் காணாமல் போய்விடுகிறது. மீன் குழம்போடு இதை வைத்துப் பார்த்து இரண்டையும் வீணாக்கியிருக்கிறேன்.

பரிமாறும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றிவிடுவது. 5 டிகிரியில் வாசம் எல்லாம் உறங்கிக்கிடக்கும். புளிப்பு மட்டுமே விழித்திருக்கும். அரை மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வைத்து, 10 அல்லது 12 டிகிரியில், அந்தக் குகையின் குளிரில், குடிக்க வேண்டும். திறந்த புட்டியை அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் கெடாமல் இருக்கும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் உண்டு.

இந்த ஒயினை வாங்கியவுடன் குடித்துவிடுகிறார்களே என்பதுதான் எனக்குள்ள பெரிய ஆதங்கம். எங்கள் தலைமைச் சமையற்காரர் ஓய்வுபெற்ற நாளில், தன் வீட்டிலிருந்து 1996-ஆம் ஆண்டின் தெமி-செக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அமிலம் மிகுந்த, நெடுநாள் வாழக்கூடிய ஆண்டு அது. தக்கை பாதியில் நொறுங்கியதால் மெல்லிய துணியில் வடிகட்டினோம். நிறம் பழைய பித்தளைபோல் ஆகியிருந்தது. முதலில் ஈரக் கம்பளியின் வாசம் வந்தது. வயதான ஷெனினை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் புன்னகைப்பார்கள். கொஞ்ச நேரம் காற்றுப் பட்டதும் தேன்மெழுகும், சாமந்தியும், இங்கே 'குவேன்' என்று சொல்லும், பச்சையாகத் தின்ன முடியாமல் வேகவைத்தே தின்னும் மஞ்சள் பழத்தின் மணமும் எழுந்தன. சர்க்கரை புட்டிக்குள் எங்கும் போய்விடுவதில்லை. 1996-இல் இருந்த அதே அளவுதான் அன்றும் இருந்திருக்கும். ஆனால் நாவில் இனிப்பு ஏறக்குறையத் தெரியவில்லை. இளமையில் தனித்தனியாக நின்ற இனிப்பும் புளிப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, உலர்ந்த ஒயினைக் குடிப்பதாகவே தோன்றியது. வாட்டிய கறுப்புக் கோழியோடு அதைக் குடித்தோம். முடித்துவிட்டுக் காலிக் கோப்பையை முகர்ந்தபோது தேன் மணம் அப்படியே இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நானும் என் மனைவியும் கணக்குப் போட்டோம். எங்கள் மகள் பிறந்த 2018-இன் தெமி-செக் ஆறு புட்டிகளை அடுத்த வாரமே போய் வாங்கிவந்தேன். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஆளுக்கொன்றாகத் தந்திருக்கும் சிறிய அறையில் அவற்றைப் படுக்கவைத்திருக்கிறேன். ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டோம்; இன்னும் குழந்தையாகத்தான் இருக்கிறது, பேரிக்காயும் எலுமிச்சைப் பூவுமாக. அடுத்ததை, அம்மா புதுச்சேரியிலிருந்து இந்த ஆண்டு வடகம் கட்டி எடுத்துவரும்போது, இறாலுக்குத் திறப்பதாக இருக்கிறோம். மீதி நான்கையும் அவள் பெரியவளாகும்வரை தொடுவதில்லை.